கோலம் போடும் கைக்கு வரையத் தெரியாதா?

"எனக்கு ஒரு கோடு கூட நேராக இழுக்க வராது" என்று சொல்லாத தமிழரைப் பெங்களூரில் நான் அதிகம் சந்தித்ததில்லை. கணக்கு வராது என்று சொல்ல நமக்குக் கூச்சம். பாட்டு வராது என்பவர்கள் கூட, "கேள்வி ஞானம் உண்டு" என்று ஒரு சமாதானத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். படம் வரைய வராது என்பதை மட்டும் ஒரு பெருமை போலச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சொல்கிற பெண்களில் பலர் விடியற்காலையில் பதினைந்து புள்ளி வைத்து, இடுக்குப்புள்ளி எட்டு வரை கொண்டு வந்து, ரப்பரும் ஸ்கேலும் இல்லாமல், குனிந்தபடியே சிக்குக் கோலம் போட்டு முடிப்பவர்கள். இப்படிச் சொல்கிற ஆண்களில் சிலர் முப்பது வருடம் டிராயிங் போர்டின் முன் நின்றே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர்கள்.

ஆண்களைப் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எச்.ஏ.எல். 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், எச்.எம்.டி. 1953-லும், பி.இ.எல். 1954-லும் தொடங்கப்பட்டன. அந்தத் தொழிற்சாலைகளை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்தவர்களில் டிராஃப்ட்ஸ்மேன்களும் உண்டு. டீ ஸ்கொயர், செட் ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், இந்தியன் இங்க் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு திருகாணியை முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று விதமாகப் பார்த்து வரைந்தவர்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, போர்டுகள் போயின. இன்று அந்தப் பெரியவர்களிடம் போய், "எதிரே இருக்கும் மாமரத்தை வரையுங்களேன்" என்றால், "ஐயோ, அதெல்லாம் ஆர்ட்டிஸ்ட் வேலை, எனக்கு வராது சார்" என்பார்கள். மாமரத்துக்கும் மூன்று பக்கம் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

வரைவது என்பது கோடியில் ஒருவருக்குக் கிடைக்கும் வரம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. சைக்கிள் விடுவது போல, தோசை வார்ப்பது போல, எந்த வயதிலும் கற்றுக்கொள்ளக் கூடிய ஒரு கை வேலை அது என்பது என் தாழ்மையான கருத்து. முதல் பத்துத் தோசை கல்லில் ஒட்டத்தான் செய்யும். அதற்காக யாரும் "எனக்குத் தோசை பிறவியிலேயே வராது" என்று கரண்டியைக் கீழே வைப்பதில்லை.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். அதை ஓவியம் என்று நாம் எண்ணுவதில்லை. வாசல் வேலைகளில் ஒன்று என்றுதான் எண்ணுகிறோம். ஆனால் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அப்படி எண்ணவில்லை. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கணத்தைக் கணினிக் கணிதத்தின் மொழியில் எழுதி 1974-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தாம்பரத்தில் வாசல் தெளித்துப் போடும் கோலம் வெளிநாட்டு அறிவியல் இதழில் ஏறியது. சிக்குக் கோலம் போடும் கைக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கத் தெரியும். இரண்டு பக்கமும் ஒன்று போல வரவேண்டும் என்பது தெரியும். வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பது வளைவு தொடங்கும் முன்பே தெரியும். கோடு எங்கே கனக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதை மாவு விழும் வேகத்தைக் கொண்டே விரல்கள் முடிவு செய்கின்றன. ஓவியப் பள்ளியில் சேர்ந்தால் முதல் வருடம் சொல்லித் தருவது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

நம் கன்னடச் சகோதரிகளும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. நாம் புள்ளி என்பதை அவர்கள் சுக்கி என்கிறார்கள். சுக்கி ரங்கோலி என்று பெயர். பசவனகுடியிலோ மல்லேசுவரத்திலோ பழைய வீடுகள் இருக்கும் தெருவில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள், மொழி தெரியாமலேயே கோலத்தைப் படித்துவிடலாம். ஆனால் நம்மில் பலர் இன்று இருப்பது ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபுரம் சாலையிலும் பத்தாவது மாடியில். வாசல் என்பது லிஃப்டுக்கும் கதவுக்கும் இடையே இருக்கும் நான்கடி டைல்ஸ். அங்கே பிளாஸ்டிக் கோலத்தை ஒட்டிவிட்டுப் போகிறோம். ஊரில் தினமும் அரை மணி நேரம் பயிற்சியில் இருந்த கை இங்கே வந்து சும்மா இருக்கிறது. அந்தக் கைக்கு ஒரு பென்சிலைக் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஓவியம் என்றாலே வண்ணம் என்று எண்ணுவது நம்மைத் தடுக்கும் இன்னொரு பூட்டு. நம் பழைய இலக்கியத்தில் 'புனையா ஓவியம்' என்று ஒரு சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் வருகிறது. வண்ணம் தீட்டாத வெறும் கோட்டுப் படம் என்று உரை சொல்கிறார்கள். தலைவனைப் பிரிந்து, அணிகலன்களைக் களைந்துவிட்டு இருக்கும் அரசிக்கு அதை உவமையாகச் சொன்னார் நக்கீரர். 'ஸ்கெட்ச்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடித் தலையைச் சொறிபவர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் வருகிறது. அங்கே போனவர்கள் சுவரிலிருந்த படங்களைச் சுட்டிக்காட்டி, இது யார், அது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். படம் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வரையும் பழக்கத்தைத்தான் சிலரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டோம்.

சரி, புதிதாகத் தொடங்குபவருக்கு உண்மையில் எங்கே தட்டுகிறது? பலரும் கை நடுங்குகிறது, கோடு கோணுகிறது என்பார்கள். கை ஒரு குற்றமும் செய்யவில்லை. தொல்லை கண்ணில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், கண் பார்ப்பதை நம்பாத மனத்தில் இருக்கிறது. காப்பி டம்ளரை எதிரே மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது பேர் வாயை நீள்வட்டமாகப் போடுவார்கள், அடியை ஸ்கேல் வைத்தது போல நேர்கோடாகப் போடுவார்கள். ஏனென்றால் டம்ளர் மேசையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணில் படுவது வேறு. வாய் எப்படி வளைந்து தெரிகிறதோ, அடியும் அப்படியே வளைந்துதான் தெரிகிறது. பார்க்கப் போனால், கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கும். நம்பாதவர்கள் டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். முதலில் வாய் வெறும் கோடாக இருக்கும். இறக்க இறக்கத் திறந்துகொண்டே போகும். வீட்டில் ஆயிரம் முறை கையில் எடுத்த டம்ளர்தான். ஒரு முறையாவது இதைப் பார்த்திருக்கிறோமா?

முகம் வரையும்போதும் இதே கதைதான். கண்கள் தலையின் மேல் பகுதியில் இருக்கின்றன என்று நாம் உறுதியாக நம்புகிறோம். கண், மூக்கு, வாய் ஆகியவைதாம் நமக்கு முக்கியம். நெற்றியையும் தலைமுடியையும் மனம் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணாடி முன் நின்று, பென்சிலை வைத்து அளந்து பாருங்கள். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை உள்ள உயரத்தில் ஏறக்குறைய நட்ட நடுவில் கண்கள் இருக்கும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே, நாம் வரையும் மனிதர்களுக்கு மூளை வைக்க இடம் கிடைத்துவிடும்.

அளப்பது எப்படி என்பதில் ரகசியம் ஏதுமில்லை. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியைப் பொருளின் மேல் விளிம்பில் நிறுத்துங்கள். கட்டை விரலைக் கீழ் விளிம்புக்குக் கொண்டு வாருங்கள். அது ஒரு அளவு. அதே அளவைப் படுக்கை வாட்டில் வைத்துப் பார்த்தால், அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடும். கூரையின் சாய்வு பிடிபடவில்லை என்றால் பென்சிலை அதே சாய்வில் பிடித்து, அப்படியே தாளுக்குக் கொண்டு வாருங்கள். இதைச் செய்யும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அமெரிக்காவில் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற ஆசிரியை 1979-ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுதும் விற்ற புத்தகம். வலது மூளை, இடது மூளை என்று அதில் அவர் சொன்ன விளக்கத்தை மூளை ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவாக ஏற்பதில்லை. ஆனால் அவர் தந்த பயிற்சிகள் வேலை செய்கின்றன. அதில் ஒன்று, ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைவது. தலைகீழாக இருக்கும்போது "இது மூக்கு, இது விரல்" என்று மனம் பெயர் சொல்லிக் குறுக்கே வருவதில்லை. கோடு எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று மட்டும் பார்க்கிறோம். வரைந்து முடித்து நேராகத் திருப்பினால் வரைந்தவருக்கே ஆச்சரியமாக இருக்கும். பழைய வார இதழில் வந்த படம் ஒன்றை வைத்து வீட்டில் செய்து பார்க்கலாம். புள்ளி வைத்த கோலத்தை நோட்டிலிருந்து பார்த்துப் போடும் பெண்கள் இதைத்தானே செய்கிறார்கள்?

திறமை, பிறவி என்று பேசுபவர்களுக்கு ஆர்.கே. லக்ஷ்மண் கதையைச் சொல்லலாம். நம் மண்ணின் கதை அது. மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1921-ல் பிறந்தவர். பள்ளியில் ஆசிரியர் ஓர் இலையை வரையச் சொன்னபோது, சிறுவன் லக்ஷ்மண் அரச இலை வரைந்தான். ஆசிரியர் அதைப் பாராட்டினார். அன்று முதல் தன்னை ஓவியன் என்று எண்ணத் தொடங்கிவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த குச்சிகள், பல்லிகள், விறகு வெட்டும் ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காகங்கள் என்று வரைந்து தள்ளினார். பள்ளிப் படிப்பை முடித்துப் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, மாணவராகச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்று பதில் வந்தது. மைசூரில் பி.ஏ. படித்தார், வரைவதை நிறுத்தவில்லை. பிறகு அரை நூற்றாண்டு காலம் இந்தியாவே காலையில் எழுந்ததும் அவருடைய சாமானிய மனிதரைத்தான் முதலில் தேடியது. 2015 ஜனவரியில் மறைந்தார்.

இந்தக் கதையில் ஜே.ஜே. பள்ளியின் கடிதத்தைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்த அரச இலைதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். நம் வீடுகளில் குழந்தை படம் வரைந்து காட்டினால் என்ன சொல்கிறோம்? "நல்லா இருக்குடா, ஹோம்வொர்க் முடிச்சியா?"

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கும் துணை உண்டு. வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 27 வயதில், 1880-ல். எதையும் தானாகப் படைத்துவிடவில்லை; ஆரம்பத்தில் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களை வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார், பள்ளிப் பிள்ளை கையெழுத்துப் பழகுவது போல. தாகூர் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கியது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. 1930-ல் பாரிசில் முதல் கண்காட்சி வைத்தார். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கிறுக்கியதிலிருந்து பிறந்த ஓவியங்கள் அவை என்பதும் குறிப்பிட வேண்டியது.

நம் தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு வருவோம். சில்பி என்று நாம் அறிந்த பி.எம். சீனிவாசன் நாமக்கல்லில் 1919-ல் பிறந்தவர். விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். கேமரா இல்லாத காலமா அது? கேமரா இருந்தது. ஆனால் கேமராவுக்குத் தூணில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், சிற்பத்தின் வளைவும் ஒன்றுதான். எது வேண்டும், எது வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. சில்பிக்குத் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர்கள், அது வரை தாண்டிப் போன தூணருகே நின்றார்கள். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்த கோபுலு, முதுமையில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். இதை நான் மனவலிமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லவில்லை. வித்தை வலது கையில் மட்டும் இருந்திருந்தால் அது வலது கையோடு போயிருக்கும். அறுபது வருடம் தெருவையும் திண்ணையையும் கல்யாண வீட்டையும் பார்த்துப் பழகிய கண், இன்னொரு கையைக் கூப்பிட்டு வேலை வாங்கியது.

இந்த இடத்தில், நம் சங்கங்கள் நடத்தும் ஓவியப் போட்டிகளைப் பற்றி மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொங்கல் விழாவானாலும் ஆண்டு விழாவானாலும் காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, தலைப்புக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் முடி என்கிறோம். பிள்ளைகள் என்ன வரைகிறார்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து வழியும் ஆறு, ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு, மேலே 'வி' வடிவத்தில் நான்கு பறவை. ராமமூர்த்தி நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த மலை எங்கே கிடைத்தது? நந்தி மலை கூட அப்படி இல்லையே! பார்த்து வரையாமல், பார்த்தவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்து வரைந்தது அது. நாம் அதற்குப் பரிசும் கொடுத்து, அதுதான் படம் என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

பரிசு கிடைக்காத பிள்ளையின் கதை இன்னும் மோசம். ஐம்பது பேரில் மூன்று பேருக்குக் கோப்பை. மற்ற நாற்பத்தேழு பேரும் அன்றைக்கே, "எனக்கு வராது" என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இருபது வருடம் கழித்து நம்மிடம் வந்து, ஒரு கோடு கூட நேராக வராது என்று சிரித்துக்கொண்டே சொல்லப் போவது இவர்கள்தான். ஓட்டப் பந்தயத்தில் தோற்ற பிள்ளை நடப்பதை நிறுத்துவதில்லை. படத்தில் தோற்ற பிள்ளை வரைவதை நிறுத்திவிடுகிறது. போட்டிகளை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னால் நடக்காது. கோப்பை வழங்க முன்வரும் புரவலர்களும் இருக்கிறார்கள். தலைப்பையாவது மாற்றலாம். 'இயற்கைக் காட்சி' என்று கொடுக்காமல், பிள்ளைகளின் எதிரே ஒரு குத்துவிளக்கையோ பூசணிக்காயையோ வைத்து, இதை வரையுங்கள் என்று சொல்லலாம். ஐம்பது பேர் ஐம்பது இடத்திலிருந்து பார்ப்பதால் ஐம்பது படமும் வேறு வேறாக வரும். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது என்ற கூடுதல் வசதியும் உண்டு.

இன்னொன்று, பெற்றோர் ஜமுக்காளத்துக்கு வெளியே நின்று, "பச்சை அடி, நீலம் அடி" என்று சத்தம் போடும் வழக்கம். அவர்களையும் உள்ளே உட்கார வைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தால் சத்தம் அடங்கிவிடும்.

பெங்களூர் இதற்கெல்லாம் தோதான ஊர். கே. வெங்கடப்பா இந்த மாநிலத்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று வந்தவர். ஊட்டியின் மூடுபனியை நீர்வண்ணத்தில் பிடித்தவர். கஸ்தூர்பா சாலையில் உள்ள கலைக்கூடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1960-ல் தொடங்கப்பட்ட கர்நாடக சித்ரகலா பரிஷத் குமார கிருபா சாலையில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையையே அடைத்துச் சித்திரச் சந்தை நடத்துகிறார்கள். காய்கறிச் சந்தை போல நடைபாதையில் ஓவியங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வேண்டும் என்பதில்லை. உட்கார்ந்து முகம் வரைபவர்களின் பின்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எங்கே தொடங்குகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று தெரியும். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகை 2009-லிருந்து தேசிய நவீன கலைக்கூடமாக இருக்கிறது. சுரங்கத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் மாளிகை என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறோமா?

வரைந்து பழக லால்பாக் ஒன்றே போதும். அங்குள்ள பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது என்கிறார்கள் நிலவியலார். நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால் அது அசையாது. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பொறுமையான மாடல் கிடைக்காது. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட், அல்சூர் சோமேசுவரர் கோயில் கோபுரம், ஸ்ரீராம்புரத்துக் குறுகலான தெருக்கள் எல்லாம் பிறகு வரட்டும்.

என் மனத்தில் இருக்கும் முக்கியமான காரியம் வேறு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்கியிருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, பத்தாவது மாடியில் அவர்களும் தொலைக்காட்சியும்தான். பக்கத்து வீட்டில் பேச மொழி இல்லை. மாலையில் பேரப்பிள்ளை வந்தால், அதற்கும் இவர்களுக்கும் நடுவே ஆங்கிலம் நிற்கிறது. பாட்டி 'உறி' என்கிறாள், பிள்ளை விழிக்கிறது. 'குதிர்' என்கிறாள், குதிரையா என்று கேட்கிறது. அகராதியைப் புரட்டினாலும் விளங்காது. கமலை இறைப்பதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முயன்று பாருங்கள். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வருவதும், இன்னொரு கயிறு தோல் வாலை இழுக்கத் தண்ணீர் தொட்டியில் கொட்டுவதும் பேச்சில் அடங்காது. தாத்தா ஒரு தாளை எடுத்து, கிணறு, இரண்டு கயிறு, சரிவு, மாடு என்று நான்கு கோடு இழுத்தால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். அந்தப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. மாடு நாய் போல இருந்தாலும் குற்றமில்லை. பக்கத்தில் 'மாடு' என்று எழுதிவிட்டால் போயிற்று.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோடு போடாத நோட்டு. அதில் பெரியவர்கள் தாங்கள் புழங்கிய பொருட்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். உறி, முறம், சுளகு, திருகை, பத்தாயம், மரக்கால், தூக்குச்சட்டி, அரிக்கன் விளக்கு, வீட்டுத் திண்ணை, தெருவின் வரைபடம், எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது வரை. ஒவ்வொன்றுக்கும் கீழே அவரவர் ஊரில் என்ன பெயரோ அதையே எழுத வேண்டும். தஞ்சாவூர்ப் பாட்டியும் திருநெல்வேலிப் பாட்டியும் முறமா சுளகா என்று சண்டை போடுவார்கள். இரண்டும் ஒன்றா, வெவ்வேறு வடிவமா என்று வரைந்து காட்டித்தான் தீர்க்க முடியும். அந்தச் சண்டையைப் பார்க்கும் பிள்ளை இரண்டு சொல்லையும் மறக்காது. பிள்ளைகள் வரையும் பக்கத்துக்குப் பெரியவர்கள் பெயர் எழுதலாம், பெரியவர்கள் வரைந்த பக்கத்தில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி எழுதலாம். ஞாயிறு வகுப்பில் அ, ஆ எழுத மறுக்கும் பிள்ளை, தான் வரைந்த பல்லிக்குப் பக்கத்தில் 'பல்லி' என்று எழுத மறுப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல்போனில் கேட்டால் இரண்டு விநாடியில் எந்தப் படமும் வந்துவிடுகிறதே, இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வரட்டும். 'தமிழ்க் கிராமத்து வீடு' என்று கேட்டால் அதே முக்கோண மலையை இன்னும் பளபளப்பாகப் போட்டுத் தரும். உங்கள் பாட்டி வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் கல் எந்தப் பக்கம் இருந்தது என்று அதற்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும், கேட்டு வரைந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். எச்பி ஒன்று, 2பி ஒன்று, 4பி ஒன்று என மூன்று பென்சில். மென்மையான பென்சிலில் கருமை எளிதில் விழும், அழுத்த வேண்டியதில்லை. விலை உயர்ந்த தாள் வாங்கினால் அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை கட்டிப்போகும். ஆபீசில் ஒரு பக்கம் அச்சான தாள்கள் குப்பைக்குப் போகின்றனவே, அவற்றின் மறுபக்கம் போதும். ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு ஒளித்து வையுங்கள். கோலத்தில் தப்பு வந்தால் புறங்கையால் தள்ளிவிட்டு மேலே போவதில்லையா, அப்படித் தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். தினமும் இருபது நிமிடம். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இதுவே பலன் தரும் என்று சங்கீதம் கற்றவர்கள் எல்லோரும் சொல்வார்கள், இதற்கும் பொருந்தும். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதையும் கிழிக்காதீர்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சங்கத்தில் கூடி இரண்டு மணி நேரம் வரைவது என்று செயற்குழு முடிவெடுத்தால், ஏற்பாடுகளைக் கவனிக்க நான் தயார். ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன் இருவரிடம் பேசியிருக்கிறேன். வரத் தயங்குகிறார்கள், ஆனால் மறுக்கவில்லை. நடுவர் கிடையாது, கோப்பை கிடையாது, மேடை கிடையாது. முதல் நாளைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டு வந்தால் போதும். வரைந்து முடித்த பிறகு அதிலேயே காப்பி ஊற்றிக்கொள்ளலாம்.